யூஎஃப்சி 300: யார் யாரோடு மோதுகிறார்கள், எதைக் கவனிக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன கார்டு? ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

யூஎஃப்சி என்பது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் போடும் எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் நிறுவனம்; ஒரு நிகழ்ச்சியின் மொத்தச் சண்டைப் பட்டியல்தான் கார்டு, சாம்பியன் பட்டம்தான் பெல்ட். இந்தக் கார்டு 2024 ஏப்ரல் 13, சனிக்கிழமை இரவு, லாஸ் வேகஸ் டி-மொபைல் அரீனாவில் நடக்கிறது (இதை எழுதுவது அதற்கு முந்தைய நாள், 'இப்போது', 'இதுவரை', 'போன' எல்லாம் அந்த நாள் கணக்கு). யூஎஃப்சியின் எண் போட்ட நிகழ்ச்சிகளில் முந்நூறாவது. 2009-ல் நடந்த யூஎஃப்சி 100-ல் பிராக் லெஸ்னர் ஃப்ராங்க் மிர்ரை அடித்து நொறுக்கினார், அது இன்னமும் பேசப்படுகிறது. 2016-ல் நடந்த யூஎஃப்சி 200 அப்படி அமையவில்லை, ஜான் ஜோன்ஸ் ஊக்கமருந்து சோதனையில் சிக்கிக் கடைசி நேரத்தில் கார்டிலிருந்து தூக்கப்பட்டார், மொத்த நிகழ்ச்சியும் கலகலத்துப்போனது. அதனால் 300-க்கு ஒரு வருஷமாகவே எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கிடைத்திருப்பது 13 சண்டைகள், அதில் இன்றைய, முன்னாள் சாம்பியன்கள் என்று 12 பேர் (இடைக்கால பெல்ட்டையும் சேர்த்துத்தான்). முதல் சண்டையிலேயே இரண்டு முன்னாள் சாம்பியன்கள் மோதுகிறார்கள் என்றால் மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் நேரம் என்ன?

இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரம்பச் சண்டைகள் அதிகாலை 3:30, அடுத்த கட்டமான பிரிலிம்ஸ் 5:30, முக்கியச் சண்டைகளான மெயின் கார்டு 7:30. ஆமாம், தமிழ்ப் புத்தாண்டு அன்று. வீட்டில் எல்லோரும் குளித்துப் புதுத்துணி போட்டு நிற்கும் நேரத்தில் நீங்கள் சோனிலிவ்வில் ரத்தம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதை எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் பாடு.

மெயின் ஈவென்ட், அதாவது கடைசிச் சண்டை, அலெக்ஸ் பெரேரா – ஜமஹால் ஹில் என்றதும் நிறைய பேர் ஏமாந்துபோனது ஏன்?

பிப்ரவரியில் இதை அறிவிக்கும்வரை ஆளாளுக்கு ஒரு கனவு கண்டிருந்தார்கள், அதுதான் காரணம். மெக்ரெகர் வருவார், லெஸ்னர் வருவார் என்றெல்லாம் புரளி. அப்புறம் லைட் ஹெவிவெயிட் (93 கிலோ) பெல்ட் சண்டை என்றதும் 'இவ்வளவுதானா' என்றார்கள். எனக்கு அந்தக் குறை புரியவே இல்லை. ஒருபக்கம் இந்த விளையாட்டிலேயே பயங்கரமான இடது கை, அது பெரேரா. மறுபக்கம் பெல்ட்டைச் சண்டையில் இழக்காமல் காயத்தால் இழந்த ஆள், அது ஹில். இதற்கு மேல் என்ன கதை வேண்டும்?

பெரேரா எப்படி இவ்வளவு சீக்கிரம் மேலே வந்தார்?

அவர் எம்எம்ஏவுக்குத்தான் புதுசு, சண்டைக்குப் புதுசு இல்லை. சாவ் பாவ்லோ பக்கத்துக்காரர், சின்ன வயதிலேயே படிப்பை விட்டு டயர் கடையில் வேலை பார்த்தவர். க்ளோரி கிக்பாக்ஸிங்கில் ஒரே சமயத்தில் இரண்டு எடைப் பிரிவுகளில் சாம்பியனாக இருந்தவர். யூஎஃப்சிக்குள் வந்தது 2021 நவம்பரில், சரியாக ஒரு வருஷத்தில் இஸ்ரேல் அடேசான்யாவை ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தி மிடில்வெயிட் பெல்ட்டை எடுத்தார். 2023 ஏப்ரலில் அதே அடேசான்யாவிடம் நாக்அவுட் ஆகி அதை இழந்தார். உடனே எடை கூட்டி மேல் பிரிவுக்குப் போய், முன்னாள் சாம்பியன் பிலாஹோவிச்சை ஸ்பிளிட் டிசிஷனில் (மூன்று ஜட்ஜில் இருவர் தீர்ப்பில்) தாண்டி, நவம்பரில் நியூயார்க்கில் யிரி ப்ரோஹாஸ்காவை இரண்டாவது ரவுண்டில் நிறுத்தி இரண்டாவது பெல்ட். எம்எம்ஏவில் மொத்தமே 11 சண்டை போட்டவர் இதைச் செய்திருக்கிறார்.

அவரைப் பார்க்கும்போது கையை விடக் காலைக் கவனியுங்கள். முதலில் எதிராளியின் கெண்டைக்காலை உதைத்து உதைத்து மரத்துப்போகச் செய்வார், அவன் பார்வை கீழே போனதும் லெஃப்ட் ஹூக் வரும். ப்ரோஹாஸ்காவுக்கு நடந்தது அதுதான்.

ஹில்லுக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. ஹில் சவுத்பா (வலது கால் முன்னால் வைத்து நிற்கும் இடது கைக்காரர்), உயரமான ஆள், இரண்டு கையும் வேகம். 2023 ஜனவரியில் ரியோவில், அந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், க்ளோவர் டெஷேராவை ஐந்து ரவுண்டும் வெளுத்துக் காலியாக இருந்த பெல்ட்டை வென்றவர். யூஎஃப்சி தலைவர் டேனா வைட் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்க நடத்தும் கன்டென்டர் சீரிஸ் வழியாக வந்தவர்களில் யூஎஃப்சி சாம்பியனான முதல் ஆள் இவர்தான். அந்தத் தோல்வியோடு டெஷேரா ஓய்வு பெற்றார், இப்போது அதே டெஷேராதான் பெரேராவின் குருவும் கார்னரும் (ரவுண்டுகளுக்கு நடுவே யோசனை சொல்பவர்). அதனால் டெஷேராவுக்கும் இதில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

என் கவலை ஹில்லின் திறமையைப் பற்றி இல்லை, காலைப் பற்றித்தான். போன ஜூலையில் கூடைப்பந்து விளையாடும்போது அவருக்குக் குதிகால் தசைநாண், அதாவது அக்கிலிஸ், அறுந்தது. பெல்ட்டைத் தானே விட்டுக்கொடுத்தார். ஒன்பது மாதத்தில் திரும்பி வருகிறார். அக்கிலிஸ்தான் ஒரு அடி முன்னால் பாய்வதற்கும் ஆபத்து வந்தால் பின்னால் துள்ளுவதற்கும் உந்து கொடுப்பது. ஹில் அடிக்கும் முறை முழுக்க முன்னால் நடந்து வந்து வரிசையாக அடிப்பது. எதிரே நிற்பவரோ கால்களை உதைப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். ஜிம்மில் நன்றாக ஓடுகிறேன், குதிக்கிறேன் என்பது வேறு, பெரேராவின் உதையை அந்தக் காலோடு வாங்கிக்கொண்டு நிற்பது வேறு.

இன்னொன்றும் உண்டு. பெரேராவைத் தொல்லைப்படுத்த இதுவரை தெரிந்த நல்ல வழி அவரைத் தரையில் தள்ளுவது. பிலாஹோவிச் முதல் ரவுண்டில் அதைச் செய்து முதுகைப் பிடித்துக்கொண்டார். ஹில் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அவருக்கும் நின்று அடிப்பதுதான் பிடிக்கும். பெரேரா இதைவிட என்ன கேட்டிருப்பார்? இரண்டாவது ரவுண்டுக்குள் பெரேரா நாக்அவுட்டில் ஜெயிப்பார், என் கணிப்பு. தவறினால் அது ஹில்லின் நேரான இடது கை பெரேராவின் தாடையில் முதலில் போய்ச் சேர்ந்ததால்தான் இருக்கும், அடேசான்யா அந்தத் தாடை உடையக்கூடியது என்று காட்டிவிட்டார்.

இரண்டு சீனப் பெண்கள் பெல்ட்டுக்கு மோதுவது இதுதான் முதல் தடவையா?

ஆமாம், யூஎஃப்சி பட்டச் சண்டையில் இரண்டு பக்கமும் சீனர்கள் இருப்பது இதுவே முதல். ஜாங் வெய்லி 2019 ஆகஸ்டில் ஷென்ஜெனில் ஜெசிகா அன்ட்ராஜியை 42 நொடியில் முடித்து முதல் சீன சாம்பியன் ஆனார். நடுவில் ரோஸ் நமாயுனாஸிடம் இரண்டு முறை தோற்றார், 2022 நவம்பரில் கார்லா எஸ்பார்சாவிடமிருந்து பெல்ட்டைத் திரும்ப எடுத்தார். யான் ஷியாவ்னான் சாண்டா (சீனக் கிக்பாக்ஸிங்) பின்னணி, யூஎஃப்சி ஒப்பந்தம் கிடைத்த முதல் சீனப் பெண் அவர்தான். அதாவது முதலில் கதவைத் திறந்தவர் ஒருவர், முதலில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் இன்னொருவர்.

யாருக்குச் சாதகம்?

ஜாங்குக்கு, நல்ல வித்தியாசத்தில். யான் நின்று அடிப்பதில் சளைத்தவர் இல்லை, போன மே மாதம் அன்ட்ராஜியை முதல் ரவுண்டிலேயே படுக்கவைத்தார். ஆனால் 2021-ல் எஸ்பார்சா அவரைத் தரையில் கிடத்தி மேலே ஏறி அடித்து நிறுத்தியதை ஜாங்கின் கூட்டம் மறந்திருக்காது. நமாயுனாஸிடம் தோற்ற பிறகு ஜாங் மல்யுத்தத்தில் மாறிய மாற்றம் பெரிசு. போன ஆகஸ்டில் பாஸ்டனில் அமாண்டா லெமோஸை ஐந்து ரவுண்டும் தரையில் வைத்துத் தேய்த்தார். முதல் பத்து நிமிஷம் யான் காலில் நின்றுகொண்டே இருந்தால் சண்டை சூடுபிடிக்கும். இல்லையென்றால் ஜாங்குக்குச் சாதகமாகத்தான் முடியும். ஜாங், பாயின்ட்ஸில், அதாவது ஜட்ஜுகள் தீர்ப்பில்.

பிஎம்எஃப் பெல்ட் என்றால் என்ன? அது நிஜ பெல்ட்டா?

விரித்துச் சொன்னால் குடும்பத்தோடு படிக்க முடியாத வசவு, 'இருக்கிறதிலேயே பெரிய முரடன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் மாஸ்விடால் – நேட் டியாஸ் சண்டைக்காக உண்டாக்கினார்கள். எந்த எடைப் பிரிவுக்கும் சொந்தமில்லை, தரவரிசைக்கும் சம்பந்தமில்லை. போன ஜூலையில் டஸ்டின் போரியரைத் தலையில் உதைத்துச் சாய்த்து ஜஸ்டின் கேத்ஜி அதை வைத்திருக்கிறார். விளம்பரத் தந்திரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் புண்ணியத்தில் இந்தச் சண்டை ஐந்து ரவுண்டு. அதற்காகவே நான் மன்னித்துவிட்டேன்.

கேத்ஜி – ஹாலோவே: மேக்ஸ் எடை கூட்டி வருவது தற்கொலை இல்லையா?

இந்தக் கேள்விதான் எல்லோரையும் குடைகிறது. மேக்ஸ் ஹாலோவே ஹவாயின் வையனாயிலிருந்து வந்தவர், 66 கிலோ ஃபெதர்வெயிட்டில் சாம்பியனாக இருந்தவர், வோல்கனோவ்ஸ்கியிடம் மூன்று முறை தோற்றதால் அந்தப் பிரிவில் அவருக்கு வழி அடைத்துக் கிடந்தது. இப்போது 70 கிலோவுக்கு வருகிறார். இதற்கு முன் ஒருமுறை வந்தார், 2019 ஏப்ரலில் போரியரோடு. அன்று மேக்ஸ் அடித்ததும் நிறைய, வாங்கியதும் நிறைய, ஆனால் போரியரின் ஒரு குத்து மேக்ஸின் மூன்று குத்துக்குச் சமமாக இருந்தது. பாயின்ட்ஸில் தோற்றார்.

அவரிடம் இருப்பது எண்ணிக்கை. யூஎஃப்சி வரலாற்றிலேயே அதிகம் குறிவைத்த அடிகளைப் போட்டவர் அவர், 2021-ல் கால்வின் கேட்டர் மீது ஒரே சண்டையில் 445. நடுவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வர்ணனையாளர்களிடம் பேசிக்கொண்டே அடித்தார், நம்ப முடியாத திமிர். அதோடு யூஎஃப்சியில் 2024 ஏப்ரல் வரை யாரும் அவரை நாக்அவுட் செய்ததில்லை.

கேத்ஜியிடம் இருப்பது சேதம். அரிசோனாக்காரர், கல்லூரியில் மல்யுத்த வீரர், ஆனால் மல்யுத்தத்தைத் தரையில் விழாமல் இருக்க மட்டுமே பயன்படுத்துவார். வலது கையும் கீழ் உதையும்தான் ஆயுதம். முன்பெல்லாம் மூச்சு முட்டுமளவு அடித்து மாண்டுபோகிற ரகம், ட்ரெவர் விட்மேனின் பயிற்சியில் இப்போது பொறுத்து அடிக்கக் கற்றிருக்கிறார். போன மார்ச்சில் ரஃபேல் ஃபிசியெவோடு மூன்றாவது ரவுண்டில் ஜாபை (முன்கையால் போடும் நேர்க்குத்தை) வைத்தே சண்டையைத் திருப்பியது பழைய கேத்ஜியால் முடியாத காரியம்.

நான் பார்க்கப்போவது மேக்ஸின் முன்னங்காலை. 2019 டிசம்பரில் வோல்கனோவ்ஸ்கி பெல்ட்டைப் பறித்தது அந்தக் காலை உதைத்துத்தான், மேக்ஸ் நடையை மாற்றி சவுத்பாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கேத்ஜியின் உதை வோல்கனோவ்ஸ்கியினுடையதைவிடக் கனம். முதல் இரண்டு ரவுண்டில் கால் போனால் மேக்ஸின் எண்ணிக்கை தானாகக் குறையும், அவரது அடிகளெல்லாம் நடந்துகொண்டே போடும் அடிகள். கால் தாங்கினால் நான்காவது, ஐந்தாவது ரவுண்டு மேக்ஸுக்குச் சொந்தம். கேத்ஜி இதுவரை தோற்ற நான்கும் பாயின்ட்ஸில் இல்லை, நான்கிலும் பாதியில் முடித்துவிட்டார்கள், அதையும் மறக்க வேண்டாம். மனசு மேக்ஸ் பக்கம், கணிப்பு கேத்ஜி பாயின்ட்ஸில். யார் ஜெயித்தாலும் இரண்டு பேரும் மறுநாள் கண்ணாடி பார்க்கமாட்டார்கள்.

வேறு எந்தச் சண்டையையும் தவற விடலாம், ஆனால் இதை விடக்கூடாது என்றால் எது?

ஒலிவேரா – சருக்யான். மூன்று ரவுண்டு மட்டுமே, பெல்ட் கிடையாது, போஸ்டரில் சின்னப் படம். ஆனால் லைட்வெயிட் பிரிவின் அடுத்த சில வருஷத்தை இதுதான் தீர்மானிக்கும் என்பது என் கணக்கு, வென்றவர் இஸ்லாம் மகாச்செவின் பெல்ட்டுக்கு நேரே போய் நிற்கலாம்.

சார்ல்ஸ் ஒலிவேரா யூஎஃப்சியில் 16 சப்மிஷன் (பிடி போட்டுச் சரணடைய வைக்கும்) வெற்றிகள், அந்தச் சாதனை அவர் பெயரில். எல்லாச் சண்டைகளிலும் ஒருமுறையாவது தடுமாறுவார், அது அவரது பழக்கம். சேண்ட்லர் ஆட்டிவைத்தார், போரியர் கீழே தள்ளினார், கேத்ஜியும் தள்ளினார், மூன்று பேரையும் எழுந்து வந்து முடித்தார். விழுந்த ஆளைத் தொடர்ந்து தரையில் போய் அடிக்க எதிராளிக்குப் பயம், கழுத்தோ கையோ மாட்டிக்கொள்ளும். அந்தப் பயம் இல்லாதவர் மகாச்செவ் மட்டும், 2022 அக்டோபரில் அபுதாபியில் அவர் ஒலிவேராவைத் தள்ளி, உடனே மேலே போய்க் கழுத்தைப் பிடித்து முடித்தார்.

அர்மான் சருக்யான் அந்த மகாச்செவோடு 2019-ல், அதாவது யூஎஃப்சியில் தன் முதல் சண்டையில், குறுகிய அறிவிப்பில் வந்து மூன்று ரவுண்டும் ஈடுகொடுத்தவர். அந்த வயதில் அப்படித் தோற்பதே ஒரு தகுதிச் சான்றிதழ். போன டிசம்பரில் பெனீல் தாரியுஷை ஒரு நிமிஷம் நாலு நொடியில் சாய்த்தார். அதே தாரியுஷை ஒலிவேராவும் ஆறு மாதம் முன்னால் முதல் ரவுண்டில் நிறுத்தியிருந்தார், அதனால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

கேள்வி இதுதான்: சருக்யான் மேலே இருக்கும் நேரமெல்லாம் அவருக்குப் பாயின்ட், ஆனால் அதே நேரமெல்லாம் ஒலிவேராவின் பொறியும். மூன்று ரவுண்டில் பொறி ஒருமுறை மாட்டினாலே போதும். நான் சருக்யான் என்கிறேன், ஸ்பிளிட் டிசிஷன், நகத்தைக் கடித்துக்கொண்டு.

போ நிக்கல் ஏன் மெயின் கார்டில்? ப்ரோஹாஸ்கா கீழே இருக்கும்போது?

யாவாரம். நிக்கல் பென் ஸ்டேட்டில் மூன்று முறை தேசியக் கல்லூரி மல்யுத்த சாம்பியன், எம்எம்ஏவில் 5-0, கம்பெனி வளர்த்துவிட நினைக்கும் பையன். கோடி பிரண்டேஜ் நல்ல உழைப்பாளி, ஆனால் இந்தச் சண்டையில் பந்தயம் கட்டுவோர் கூட யோசிக்கமாட்டார்கள். டீ போட எழுந்து போக ஏற்ற நேரம்.

ப்ரோஹாஸ்கா – ராகிச் எப்படி?

ஒரு பக்கம் கையைத் தொங்கப்போட்டு வரும் பைத்தியக்காரத்தனமான தாக்குதல், மறுபக்கம் அளந்து அடிக்கும் ஆள். அலெக்ஸாண்டர் ராகிச் வியன்னாக்காரர், 2022 மே மாதம் பிலாஹோவிச்சோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே முழங்கால் போனது, ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து வருகிறார். ஹில் போலவே, காலிலிருந்து வந்த காயம். இந்த எடைப் பிரிவில் கால்களுக்கு ஏதோ சாபம் இருக்கிறது. ப்ரோஹாஸ்கா பெரேராவிடம் வாங்கிய அடியிலிருந்து வெறும் ஐந்து மாதம். காலமெல்லாம் பூட்டிக் கிடந்த வாகனம் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான் ராகிச் விஷயம், ஆனால் ஆகிவிட்டால் அவரது கீழ் உதை யிரிக்கு மறுபடி அதே தலைவலி. ப்ரோஹாஸ்கா இரண்டாவது ரவுண்டில்.

கெய்லா ஹாரிசன் இவ்வளவு எடை குறைப்பது சாத்தியமா?

இந்தக் கட்டுரையை நான் வெள்ளிக்கிழமை காலை எழுதுகிறேன், எடைபார்ப்பு இன்று. இந்தக் கார்டில் என்னை உண்மையில் பதறவைப்பது இந்தச் சண்டைகூட இல்லை, இந்தத் தராசு. ஹாரிசன் ஜூடோவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், லண்டன் 2012, ரியோ 2016, இரண்டும் 78 கிலோ பிரிவில். பிஎஃப்எல் என்ற இன்னொரு எம்எம்ஏ அமைப்பில் சாம்பியனானது 70 கிலோவில். இப்போது யூஎஃப்சியில் அவருக்கு இருக்கும் பிரிவு 61 கிலோ சொச்சம். பெல்ட் சண்டை இல்லாததால் ஒரு பவுண்டு சலுகை உண்டு, அவ்வளவுதான்.

எடை குறைப்பது என்றால் கொழுப்பைக் குறைப்பது மட்டும் இல்லை, கடைசி நாட்களில் உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுப்பது. வென்னீர்த் தொட்டி, சானா, துப்பல் கூட வராத நிலை. அதன்பிறகு ஒருநாளில் திரும்பத் தண்ணீர் ஏற்றிச் சண்டை. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் முழுக்கத் திரும்பாத நிலையில் தலையில் அடி வாங்குவது ஆபத்து, ஒரு வெற்றிக்காக இவ்வளவு வேண்டுமா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எதிரே ஹாலி ஹோம், 42 வயது, 2015-ல் மெல்போர்னில் ரோண்டா ரௌசியைத் தலையில் உதைத்துச் சாய்த்தவர். ரௌசியும் ஒலிம்பிக் ஜூடோ பதக்கம் வென்றவர்தான் என்பதால் எல்லோரும் அந்தக் கதையையே திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் அது எட்டரை வருஷத்துக்கு முந்தைய ஹோம், இப்போது அவர் நிறைய நேரம் கூண்டுச் சுவரோடு பிடித்து நிறுத்தித்தான் ரவுண்டுகளை எடுக்கிறார். ஜூடோக்காரியை யாராவது கட்டிப்பிடிப்பார்களா? எடை சரியாக வந்தால் ஹாரிசன், முதல் ரவுண்டிலேயே ஆச்சரியமில்லை.

மீதிச் சண்டைகளைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

ஸ்டெர்லிங் – கேட்டர்: அல்ஜமெய்ன் ஸ்டெர்லிங் 61 கிலோ பெல்ட்டை ஷான் ஓ'மாலியிடம் இழந்துவிட்டு ஒரு பிரிவு மேலே வருகிறார், அந்த எடைக்கு இறங்குவதே அவருக்குக் கொடுமை என்பதால் இது அவருக்கு நல்லது. கேட்டர் 2022 அக்டோபரில் முழங்கால் போய் ஒன்றரை வருஷம் கழித்து வருகிறார். இதோ மூன்றாவது கால் காயம். முழங்கால் சரியாகி வந்தவனுக்கு முதல் எதிராளியாக மல்யுத்தக்காரரைக் கொடுத்தது யார் புத்தியோ. ஸ்டெர்லிங், பார்ப்பதற்கு அலுப்பான டிசிஷன்.

யூசுஃப் – லோபெஸ்: டியேகோ லோபெஸ் போன மே மாதம் கடைசி நேரத்தில் வந்து மோவ்சார் எவ்லோயெவிடம் தோற்றார், ஆனால் தோற்றதிலேயே பெயர் வாங்கினார், அதன்பின் இரண்டு முதல் ரவுண்டு வெற்றிகள். லோபெஸ்.

டர்னர் – மொய்கானோ: உயரமும் அடியும் டர்னருக்கு, தரையில் மொய்கானோவுக்கு. டர்னர் முதல் ஐந்து நிமிஷத்தில் முடிக்காவிட்டால் எனக்கு மொய்கானோ மேல்தான் நம்பிக்கை.

அன்ட்ராஜி – ரோட்ரிகஸ்: இதை மேலே இருக்கும் பட்டச் சண்டையோடு சேர்த்துப் பாருங்கள், சுவாரசியம் கூடும். ஜாங், யான் இருவருமே அன்ட்ராஜியை முதல் ரவுண்டில் முடித்தவர்கள். ரோட்ரிகஸோ யானைத் தோற்கடித்தவர். அன்ட்ராஜி நெருங்கினால் அன்ட்ராஜி, நெருங்க விடாவிட்டால் ரோட்ரிகஸ். நான் ரோட்ரிகஸ்.

கிரீன் – மில்லர்: ஜிம் மில்லர் யூஎஃப்சி 100-லும் போட்டார், 200-லும் போட்டார், இப்போது 300-லும். வேறு யாருக்கும் இந்தப் பெருமை இல்லை. 40 வயது, லைம் நோயோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவர், யூஎஃப்சியில் அதிகச் சண்டை போட்டவரும் அவர்தான். அறிவு பாபி கிரீன் என்கிறது. நான் மில்லர் என்று எழுதிவிட்டுப் போகிறேன், யார் கேட்கப்போகிறார்கள்.

ஃபிகெய்ரெடோ – கார்பிரான்ட்: அதிகாலை 3:30-க்கு அலாரம் வைக்க ஒரே காரணம் இதுதான். கார்பிரான்ட் கை வேகம், தாடை பலவீனம். ஃபிகெய்ரெடோ.

இந்தியர் யாராவது இருக்கிறார்களா?

இந்தக் கார்டில் இல்லை. அன்ஷுல் ஜுப்லி போன அக்டோபரில் அபுதாபியில் தோற்றார். பூஜா தோமர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார், யூஎஃப்சியில் முதல் இந்தியப் பெண், 2024 ஏப்ரல் வரை அவரது முதல் சண்டை வரவில்லை.

போனஸ் 300,000 டாலர் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 2024-ல் வழக்கமாக அந்த இரவின் சிறந்த சண்டைக்கும் சிறந்த ஆட்டத்துக்கும் தலா 50,000 டாலர். வியாழக்கிழமை செய்தியாளர் சந்திப்பில் டேனா வைட் அதை 300,000 ஆக்கினார். ஆறு மடங்கு. இதன் விளைவு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்: கடைசி ரவுண்டில் முன்னிலையில் இருக்கிற ஆள் வழக்கமாகப் பாதுகாப்பாக ஒதுங்கித் திரிவார். இந்தத் தடவை நின்று அடிக்கலாமே என்று ஒரு சபலம் எழும். வீரர்களுக்கு அடிப்படைச் சம்பளமே ஒழுங்காக இருந்தால் இந்தச் சபலத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பார்க்கிறவனாக எனக்கு இதில் குறை சொல்ல மனசு வரவில்லை.

புதுசா பார்க்கிறவர் பாயின்ட்ஸ் எப்படிப் புரிந்துகொள்வது?

மூன்று ஜட்ஜுகள், ஒவ்வொரு ரவுண்டும் தனிக் கணக்கு. வென்றவருக்கு 10, மற்றவருக்கு பெரும்பாலும் 9. முதலில் பார்ப்பது அடியின் பாதிப்பு, யார் நடுவில் நின்றார், யார் துரத்தினார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். வெறுமனே ஒருவரைத் தரையில் கட்டிப்பிடித்துக் கிடந்தால் பாயின்ட் வராது, மேலே இருந்து அடிக்கவோ பிடி போடவோ வேண்டும். ஒலிவேரா சண்டையின்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும், கீழே படுத்திருப்பவர் ஜெயித்துக்கொண்டிருப்பதை அங்கே நீங்கள் பார்க்கலாம்.

முழுசாகப் பார்க்க முடியாது, எத்தனை மணிக்கு எழுந்தால் போதும்?

காலை 7 மணிக்கு உட்கார்ந்தால் பிரிலிம்ஸின் கடைசிச் சண்டை ப்ரோஹாஸ்கா – ராகிச் கிடைக்கும், முந்தையவை சீக்கிரம் முடிந்தால் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். நிக்கல் முடிந்ததும் ஒலிவேரா – சருக்யான், அடுத்து கேத்ஜி – ஹாலோவே, அப்புறம் ஜாங் – யான், கடைசியில் பெரேரா – ஹில். பெரேரா கூண்டுக்குள் வரும்போது நம்ம ஊரில் பத்து மணியை நெருங்கியிருக்கும். புத்தாண்டு விருந்துக்கு யாராவது கூப்பிட்டிருந்தால் பதினொன்றுக்கு மேல் வருவதாக இப்போதே சொல்லிவிடுங்கள்.